பின்சீட்டின் இடது பக்கம்

தம்பி,

நேற்று சாயங்காலம் உன் அத்தை கடைக்கு வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. ஷட்டர் ஓரமாக நின்றபடியே, "அண்ணே, ஒம்மவன் அவங்கம்மா தெவசத்துக்கு வரலையாம்" என்றாள். லீவு கிடைக்கவில்லையா என்று கேட்டேன். "லீவெல்லாம் கெடச்சிருச்சு. சிங்கப்பூர்லேருந்து ஏறி வர அவனுக்கு மனசுதான் இல்லையாம். 'எங்கம்மாவுக்காக அந்த மனுசன் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாரா அத்தே? மொதல்ல அவரு அழட்டும், அப்புறம் வந்து அவரு பக்கத்துல ஒக்காந்து எள்ளும் தண்ணியும் எறைக்கிறேன்'னு சொல்றான்" என்றாள். என் மடியில் காருக்கு மாட்டுகிற பெரிய ஸ்பீக்கர், ஒரு ஊஃபர், இருந்தது. அதன் காகிதக் கோனைச் சுற்றிப் பசை தடவிக்கொண்டிருந்தேன். "சரி" என்றேன். அவளுக்கு வந்ததே கோபம். "இதுக்கும் சரிதானா? பெத்த புள்ள வரமாட்டேங்குறான், அதுக்கும் சரியா? நீ என்ன மனுசனா மரக்கட்டையா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டிவிட்டுப் போனாள். அதற்கும் நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அதற்குள் படி இறங்கிவிட்டாள்.

போனில் பேசலாம்தான். ஆனால் நம் இரண்டு பேருக்கும் அது ஒத்துவராது. நான் முதல் பேச்சிலேயே கத்துவேன், நீ அடுத்த பேச்சில் கட் பண்ணிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். அத்தை மகளிடம் கொடுத்து, போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். இடையில் யார் படித்தாலும் படித்துக்கொள்ளட்டும். திருமயம் ரோட்டில் நம் கடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற எல்லாருக்கும் என்னைப் பற்றி ஒரு அபிப்பிராயம் ஏற்கெனவே இருக்கிறது. இதைப் படித்து அது புதிதாகக் கெட்டுவிடப் போவதில்லை.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நீ சொன்னது நிஜம். நான் அழவில்லை. ஆஸ்பத்திரியில் அழவில்லை, வீட்டில் அழவில்லை, சுடுகாட்டில் நீ கொள்ளி வைத்தபோதும் அழவில்லை. இதை எழுதுகிற இந்த நிமிஷத்திலும் கண் காய்ந்துதான் கிடக்கிறது. வருத்தம் உள்ளே இருக்கிறது, வெளியே காட்டிக்கொள்ளத் தெரியாத ஆம்பிளை என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். உள்ளேயும் ஒன்றும் இல்லை. பல் பிடுங்கும் டாக்டர் ஊசி போட்டபின் தாடை இருக்குமே, அப்படி இருக்கிறது. தொட்டால் தொட்டது தெரிகிறது. வலி தெரியவில்லை.

உன் அம்மாவுக்கு என் தொழிலில் என்ன வேலை என்று உனக்குத் தெரியும். ஆனால் பார்த்துப் பார்த்துப் பழகிப்போனதால் அதை நீ ஒரு வேலையாக நினைத்திருக்கமாட்டாய். ஒரு காருக்கு ஸ்பீக்கர் பாக்ஸ் மாட்டி முடித்ததும் நான் உள்பக்கம் பார்த்து ஒரு குரல் கொடுப்பேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வருவாள். பின்சீட்டில் இடது பக்கம்தான் உட்காருவாள், எந்தக் காராக இருந்தாலும் அந்தப் பக்கம்தான். கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக்கொள்வாள். நான் பாட்டைப் போடுவேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியை இறக்கித் தீர்ப்பைச் சொல்வாள். "காதுலதான் அடிக்குது. நெஞ்சுக்கு வரல" என்றால், நான் மறுபடி டிக்கிக்குள் தலையை விடவேண்டும். "ம், நெஞ்சுல அடிக்குது" என்றால் வண்டி வெளியே போகலாம். அவளுக்கு ஆம்ப் எது, கிராஸ்ஓவர் எது என்று ஒன்றும் தெரியாது. பாட்டுகூட எது என்று கவனிக்கமாட்டாள். ஆனால் அவள் சொன்னது தப்பியதில்லை. வண்டிக்காரர்களே என் பேச்சை மட்டும் நம்பிக் கிளம்பமாட்டார்கள். "அக்கா ஒக்காந்து பாத்துட்டாங்களாண்ணே?" என்றுதான் கேட்பார்கள்.

கல்யாணமான புதிதில் எனக்கு இது பிடிக்கவில்லை. நான் மீட்டர் வைத்துப் பார்த்து எல்லாம் சரி என்று நிற்கிறேன், இவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு இல்லை என்கிறாள். ஒருநாள் கோபத்தில் மீட்டரைக் கொண்டுபோய் அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன். "பாரு, இதுல சரியா காட்டுது." அவள் மீட்டரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "அப்ப அந்த மீட்டரையே பின்சீட்டுல ஒக்காத்தி வச்சுப் பாட்டு கேக்கச் சொல்லுங்க. எனக்கு அடுப்புல வேலை கெடக்கு" என்று எழுந்து போய்விட்டாள். அப்புறம் டிக்கியைத் திறந்து பார்த்தால் எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டாமலே போல்ட் போட்டு முறுக்கியிருந்தேன். பெயின்ட் இடையில் இருந்தால் கரன்ட் முழுசாக ஓடாது. உனக்கும் நாளைக்கு ஒருத்தி வருவாள். அவள் ஒன்றைச் சொன்னால், அது உன் கணக்கில் வரவில்லை என்பதற்காக இல்லை என்று சாதிக்காதே. பெயின்டைச் சுரண்டிப் பார். இதைவிடப் பெரிய புத்திமதி சொல்ல எனக்குத் தெரியாது.

இனி அந்த நாள். ஆலங்குடி செல்வத்தின் வெள்ளைக் காரில் ஒரே பெட்டிக்குள் இரண்டு ஊஃபர் வைத்து வேலையை முடித்திருந்தேன். பெரிய வேலை. அவளைக் கூப்பிட்டேன். உள்ளிருந்து, "பால் வச்சிருக்கேன், எறக்கி வச்சிட்டு வாரேன்" என்றாள். நான் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. பால் தீய்ந்த வாடைதான் வந்தது. உள்ளே போனால் கீழே விழுந்து கிடந்தாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. நான் முதலில் அடுப்பை அணைத்தேன். சிலிண்டரையும் மூடினேன். அப்புறம்தான் அவளைத் தூக்கினேன். எதைத் தொடுவதற்கும் முன்னால் பாட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் கை படித்த முதல் பாடம். கரன்ட்டை நிறுத்து, பிறகு கையை வை. ஆயுசு முழுக்க அப்படிச் செய்த கை அன்றைக்கும் அப்படித்தான் செய்தது. அந்தச் சில நொடியால் எதுவும் மாறியிருக்காது என்று திருச்சி டாக்டர் சொன்னார். மூளையில் இரத்தக் குழாய் வெடித்திருக்கிறது, விழும்போதே முடிந்த மாதிரிதான் என்றார். இருந்தாலும் அன்றைக்கு அணைத்ததோடு எனக்குள்ளும் ஏதோ ஒன்றின் மைனஸ் கழன்றுவிட்டது. திரும்ப மாட்டுகிற இடம்தான் தெரியவில்லை.

நீ விமானத்தில் வந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை நீ மறந்திருக்கமாட்டாய். ஐஸ் பெட்டியின் பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். அது லூசாக இருந்து பொறி பறந்தது. பெட்டி நின்று நின்று ஓடியது. வாடகைக்குக் கொண்டுவந்த பையன் பேப்பரை மடித்துச் செருகப் பார்த்தான். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து சரியாக மாட்டிக் கொடுத்தேன். சுற்றிலும் பெண்கள் மாரடித்து அழுகிறார்கள், நீ "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடிவருகிறாய், நான் தரையில் உட்கார்ந்து ஸ்க்ரூ முறுக்குகிறேன். "கல்லுப்பா அந்த ஆளு" என்று யாரோ சொன்னது என் காதிலும் விழுந்தது. அவள் கெட்டுப்போகாமல் நீ வந்து முகம் பார்க்கவேண்டும் என்பது மட்டும்தான் அப்போது என் மண்டைக்குள் ஓடியது. வேறு ஒன்றும் ஓடவில்லை.

அதையாவது நீ மன்னித்திருப்பாய். நீ மன்னிக்காதது மறுநாள் நடந்தது. பால் தெளித்துவிட்டு வந்து எல்லாரும் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அழுதுருண்ணே, நெஞ்சு வெடிச்சிரும்ணே" என்று கெஞ்சினாள். அழ எனக்கும் ஆசைதான் தம்பி. யாராவது வந்து அழவைத்தால் தேவலை என்றிருந்தது. அப்போது செட்டுக்குள் செல்வத்தின் கார் நிற்பது தெரிந்தது. பின்கதவு நான் திறந்து வைத்தபடியே திறந்து கிடந்தது. எனக்கு ஒரு நினைப்பு ஓடியது. உள்ளே போய் உட்கார்ந்து பெரிதாக வைத்தால் நெஞ்சில் அடிக்கும், அடிக்கிற அடியில் உள்ளே கட்டிக்கிடப்பது உடைந்து வெளியே வந்துவிடும் என்று. அவ்வளவுதான். போனேன். அவள் இடத்தை விட்டுவிட்டு வலது பக்கம் உட்கார்ந்தேன். முழுச் சத்தத்தில் வைத்தேன்.

சாவு வீட்டில் பந்தல் தகரம் அதிர்ந்தது. தெருவே கூடிவிட்டது. நீ ஓடிவந்து டிக்கியைத் திறந்து, ஆம்ப்பிலிருந்த வயரைக் கையால் பிடித்து இழுத்துப் பிய்த்தாய். "ஒங்களுக்கு என்னப்பா ஆச்சு? எங்கம்மா சாம்பல் இன்னும் ஆறல, அதுக்குள்ள ஒங்களுக்குத் தொழிலா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "இது அடிக்கலடா. வயரிங்ல ஏதோ தப்பு இருக்கு" என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குமேல் கருமாதி முடிகிறவரை என் பக்கம் நீ திரும்பவே இல்லை. போகும்போது சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஆனால் நான் சொன்னது பொய் இல்லை. தகரம் அதிர்ந்தது, கண்ணாடி அதிர்ந்தது. எனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. ஊஃபர்தான் கெட்டுவிட்டது என்று சத்தியமாக நம்பினேன்.

அதற்கப்புறம் நான் செய்த கூத்தை உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். கடைக்கு வந்த எந்த வண்டியும் எனக்கு அடிக்கவில்லை. எல்லாவற்றிலும் கோளாறு என்று நினைத்தேன். சுவர்க்கடிகாரத்தில் போடுகிற சின்ன பாட்டரியை எடுத்து ஊஃபரின் இரண்டு முனையிலும் தொட்டுப் பார்ப்பேன். கோன் முன்னால் தள்ளினால் பிளஸ் மைனஸ் சரி. சரியாகத்தான் தள்ளும். இருந்தாலும் நம்பாமல் கழற்றி மறுபடி மாட்டுவேன். பெட்டியைப் பிரித்து மறுபடி ஒட்டுவேன். நன்றாக இருந்த ஊஃபர் காயில்களை எல்லாம் மாற்றினேன். வண்டிக்காரர்கள், "அண்ணே, நல்லாத்தானே இருக்கு, விடுங்கண்ணே" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்கள். ஒருநாள் ஈயம் பற்றவைக்கும்போது சூடுகோல் விரலில் பட்டு, தோல் பொசுங்குகிற வாடை வந்த பிறகுதான் கையை எடுத்தேன். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று அத்தை கேட்டால் அவள் முகத்தைப் பார்த்துதான் பதில் சொல்வேன்.

காரைக்குடியிலிருந்து பழைய வண்டிக்காரர் ஒருத்தர் வந்தார், அவருக்கு விஷயம் தெரியாது. வேலை முடிந்ததும், "அக்காவக் கூப்பிடுங்கண்ணே, ஒக்காந்து பாக்கட்டும்" என்றார். "உள்ள பால் வச்சிருக்கா, எறக்கி வச்சிட்டு வருவா" என்றேன். நான் யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த மனிதர் பாவம், ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நானும் உட்கார்ந்திருந்தேன். டீக்கடைக்காரர் வந்து அவரைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னபிறகு, வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அம்மா செத்துவிட்டாள் என்று நான் இதுவரை என் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று வைத்துக்கொள்ளவில்லை. சொல்லவேண்டிய இடம் வந்தால் நாக்கு வேறு பக்கம் போய்விடுகிறது.

செல்வம் எவ்வளவோ பொறுத்தான். கடைசியில், "அண்ணே, காரக் குடுங்கண்ணே, பொண்டாட்டி ஊருக்குப் போவணும்" என்று நின்றான். அன்றைக்கும் கடைசியாக ஒரு தடவை எல்லாவற்றையும் கழற்றி மாட்டிக் கொடுத்தேன். அடுத்த வாரமே திரும்பி வந்தான். "என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க? ரெண்டு ஊஃபரும் இந்த ஆட்டம் ஆடுது, உள்ள ஒக்காந்தா ஒண்ணுமே இல்ல. ஒரு மண்ணும் கேக்கல." டிக்கியைத் திறந்து, இரண்டு ஊஃபரிலும் அந்தச் சின்ன பாட்டரியைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்று முன்னால் தள்ளியது, இன்னொன்று பின்னால் இழுத்தது. ஒன்றில் வயரைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். இது தொழிலுக்கு வந்த முதல் மாதம் பண்ணுகிற தப்பு. ஒன்று தள்ளுகிற காற்றை இன்னொன்று இழுத்துக்கொள்ளும். இரண்டும் முழுமூச்சாக உழைக்கும், உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்றும் வந்து சேராது.

வயரை மாற்றிச் சரியாக மாட்டினேன். செல்வம் முன்சீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தான். "யப்பா! இப்ப அடிக்குதுண்ணே, அள்ளுதுண்ணே!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் பின்னால் வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். தலைகீழாக மாட்டியிருந்தபோது எனக்கு எப்படி இருந்ததோ, அப்படியேதான் இப்போதும் இருந்தது. ஒரு மயிரிழை வித்தியாசம் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது தம்பி. கோளாறு வயரில் இல்லை. நான் பிரித்துப் போட்ட எந்த வண்டியிலும் இல்லை. இத்தனை நாளாக நல்ல பெட்டிகளை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். செல்வம் திரும்பிப் பார்த்து, "என்னண்ணே, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறீங்க?" என்றான். "நல்லா இருக்கு" என்றேன். அவன் சிரிப்பு அடங்கிவிட்டது. பாட்டை நிறுத்திவிட்டு, "அக்கா இந்த வண்டியில ஒக்காந்து பாக்கவே இல்லைல்ல?" என்று கேட்டான். நான் இறங்கிப்போய் டிக்கியைச் சாத்தினேன்.

நாம் இரண்டு பேரும்கூட அந்தப் பெட்டிக்குள் இருக்கிற இரண்டு ஊஃபர் மாதிரிதான் ஆகிப்போனோம். நீ அங்கே அழுகிறாய், நான் இங்கே பேச்சில்லாமல் கிடக்கிறேன். இரண்டு பேருக்கும் ஒரே பொம்பளைதான் போனாள். யாரிடமிருந்தும் யாருக்கும் ஒன்றும் வந்து சேரவில்லை. இதில் எந்த வயர் தலைகீழ் என்று சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. என்னுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் அழுதால்தான் வருவேன் என்கிறாய். அதை மட்டும் என்னால் தரமுடியாது. உனக்காக வெங்காயம் உரித்தா அழமுடியும்? பொய்யாக அழுது உன்னை வரவைப்பதைவிட, வராமலே நீ இருந்துகொள். ஆனால் உன் அம்மாவுக்கு நீ ஒரே பிள்ளை. எள்ளும் தண்ணியும் உன் கையால்தான் அவளுக்குப் போகவேண்டும். என் முகத்துக்காக அவள் ஏன் தாகத்தோடு இருக்கவேண்டும்? என் பக்கத்தில் உட்காரப் பிடிக்கவில்லை என்றால் அங்கிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள். ஐயரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்று இருக்கிறது. அதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். தெவசத்தன்று செல்வம் குடும்பத்தோடு சாப்பிட வருகிறான், அந்த வெள்ளைக் காரில்தான். படைத்து முடித்து எல்லாரும் சாப்பிட்டுக் கலைந்தபிறகு, உனக்குக் கோபம் இல்லையென்றால், அந்தக் காருக்கு வா. பெரிய சத்தம் வைக்கமாட்டேன், பயப்படாதே. கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, எங்கே அடிக்கிறது என்று மட்டும் எனக்குச் சொல். எனக்குத் தெரியவில்லை, தம்பி. யாராவது சொன்னால்தான் உண்டு. யார் யாரோ சொல்கிறார்கள், நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது. நீ "நெஞ்சுல அடிக்குதுப்பா" என்று சொல்லிவிட்டால் நான் நம்பிக்கொள்வேன். எனக்கு அடிக்காவிட்டாலும் பரவாயில்லை, உனக்கு அடிக்கிறது என்று தெரிந்தால் போதும்.

கடைக்கு வருகிற எந்த வண்டியிலும் பின்சீட்டின் இடது பக்கத்தில் இதுவரை நான் யாரையும் உட்காரவிடவில்லை. உட்காரப் போனவர்களைக்கூட வலது பக்கம் தள்ளி உட்காரச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை. உனக்குச் சொல்கிறேன். பாலை இறக்கி வைத்துவிட்டு அவள் வந்துவிடுவாள் என்றுதான். அவள் இனி வரமாட்டாள், தம்பி. உன் அம்மா செத்துப்போய்விட்டாள். நீ வந்து அந்தப் பக்கம் உட்கார்.

அப்பா